மிச்சமிருக்கும் நாலு கிலோ

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் சுண்டெலி எழுதுவது. எல்லோரும் நலம் என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிவது அதுதான்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு எங்கே விளக்குப் போட்டாலும் அப்பா எழுந்துவிடுவார். சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவிலேயே தூங்கிவிட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான், வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே கண் மூடிவிடுகிறது.

இன்று திங்கள். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டால் வியாழன் மாலை உன் விடுதிக்கு வந்துவிடும். அன்றுதானே உனக்குக் கடைசிப் பரீட்சை? முன்னாலேயே கிடைத்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். இதைப் படிக்கும்போது எல்லாம் எழுதி முடித்திருப்பாய். நன்றாக எழுதினாயா?

நாங்கள் கார் கூரை மேலே பைகளை ஏற்ற ஒரு கேரியர் வாங்கியிருக்கிறோம். நேற்று போனில் அம்மா, "ஒரு பத்து நாள் ஊர் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம்டி, நீ படி" என்றாளே, நீகூட, "என்னை விட்டுட்டா? நடத்துங்க நடத்துங்க" என்று சிரித்தாயே, அந்தப் பயணத்துக்குத்தான். ஆனால் ஊர் சுற்ற இல்லை அக்கா. ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. இங்கே இருக்கும் டாக்டர், இனி அங்கேதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முதுகெலும்பில் வந்திருக்கிறது. என்ன வந்திருக்கிறது என்று என்னிடம் யாரும் பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னால் பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவருவாய் என்று அம்மா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை இப்போது மீறுகிறேன்.

அம்மாவால் பத்து நிமிடம்கூட உட்கார முடிவதில்லை. நேற்று போனில் பேசியதும் படுத்துக்கொண்டுதான். அதனால் வண்டியின் பின் சீட்டில் அகலமான பகுதியை மடித்து, டிக்கி வரைக்கும் மெத்தை போட்டாயிற்று. கால் நீட்ட இடம் போதவில்லை என்று முன்னால் இடது பக்கச் சீட்டையும் டாஷ்போர்டை முட்டும்வரை தள்ளிவிட்டார் அப்பா. அதில் இனி ஆள் உட்கார முடியாது. ஓட்டுகிற அப்பாவுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைச் சீட்டுதான் மிச்சம். பைகள் எல்லாம் மேலே ஏறினால் அந்தச் சீட்டில் நான் போகலாம். ஏறாவிட்டால் அதில் பை உட்காரும், நான் மாடி வீட்டு டீச்சர் ஆன்ட்டியிடம்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய் ஓயாமல் பேசினார். "நூறு கிலோ தாங்கும் சார், மாட்டையே கட்டலாம்" என்றார். அப்பா, "கேரியர் தாங்கும்ங்க, வண்டிக் கூரை தாங்கணுமே. புத்தகத்துல எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கான். கேரியரோட எடையும் அதுலதான் சேர்த்தி" என்றார். லிஃப்ட் மெக்கானிக்கிடம் பேசுகிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது. வெளியே வந்து என்னிடம், "ரெண்டு நம்பர் இருந்தா எப்பவும் சின்ன நம்பர்தான் நெசம்" என்றார்.

திறந்த கூடை மாதிரி ஒன்று இருந்தது. கூரையில் மாட்டும் கம்பிகளோடு சேர்த்துப் பதினாலு கிலோ. மூடி போட்ட பெட்டி மாதிரி இன்னொன்று, கம்பியோடு இருபத்தாறு. பைகளைச் சுமந்துகொண்டு எடை மிஷினில் ஏறி, என் எடையைக் கழித்து எல்லாவற்றையும் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அறுபத்தொன்று. கூடை என்றால் எல்லாம் மேலே போய்விடும். பெட்டி என்றால் பன்னிரண்டு கிலோ வெளியே நிற்கும்.

கடைக்காரர் ஒரு நல்ல விஷயமும் சொன்னார். கூடையில் காற்று மோதி ஊளையிடும், பெட்டியில் அது இல்லை என்றார். அப்பா யோசித்தார். அம்மாவின் தலை அந்தக் கூரைக்கு நேர் கீழே அல்லவா? நான்தான், "கூடையே போதும்பா, அம்மா தூங்கிடுவா" என்று அடித்துச் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன் அக்கா. எனக்குச் சீட் வேண்டும்.

மறுநாள் அம்மாவைப் படுக்க வைத்துப் பைபாஸ் வரை ஓட்டிப் பார்த்தோம். வேகம் கூடியதும் கூடை ஊளையிட ஆரம்பித்தது. அம்மா தலையணையை மடித்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டாள். அப்பா திரும்பிக் கேட்டதற்கு, "விசில்தானே, யாரோ என்னைப் பார்த்து அடிக்கிறான்னு நெனச்சுக்கறேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள். நான் துடைத்தேன். அப்பாவிடம் போய், பெட்டியே வாங்கலாம் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. புதன்கிழமை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்தப் பன்னிரண்டு கிலோ அப்பாவின் டூல்ஸ் பை. மெத்தை ஓரமாக வைக்கலாமே என்றேன். பிரேக் போட்டால் அம்மா மேல் விழும் என்றார். அம்மா படுத்தபடியே, "அந்தச் சீட்லயே வைங்க. இவ எதுக்கு ஸ்கூலை விட்டுட்டு?" என்றாள். நான் அப்பாவிடம், "பத்து நாளைக்கு டூல்ஸ் எதுக்குப்பா?" என்று கேட்டேன். அவர் பெட்டியின் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். இறுகின பிறகும் முறுக்கினார். அடுத்த நாள் அந்தப் பையை பஸ் பார்சலில் அனுப்பிவிட்டார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எடுத்து வைப்பாராம். "சீட் உனக்குத்தான் போ" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை போடும்போது எல்லாப் பைகளையும் திறந்து பார்த்தேன். அப்பா குடித்தனம் போவதுபோல் கம்பளி, ஸ்டவ், பாத்திரம், குக்கர் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். அம்மாவின் பைதான் எல்லாவற்றிலும் இளைத்தது, மூன்று கிலோ. அவளே அடுக்கியது. நாலு நைட்டி, ஒரு துண்டு, நம் இரண்டு பேரின் சின்ன வயது போட்டோ. வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ள ஒரு துணிகூட இல்லை. செருப்பும் இல்லை. மறந்திருப்பாள் என்று ஒரு புடவையை உள்ளே வைத்தேன். மறுநாள் பார்த்தால் அது பழையபடி அலமாரியில் இருந்தது.

நேற்று நீ போனை வைத்ததும் பெட்டியோடு மறுபடி ஓட்டிப் பார்த்தோம். துளி சத்தம் இல்லை. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, எத்தனையோ நாளுக்குப் பிறகு. ஆனால் அந்தச் சத்தம் போனதும்தான் எனக்கு அம்மா முனகுவது கேட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு முனகினாள். முன்னால் இருந்த அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் விரலைப் பிடித்து நசுக்கினாள். இறங்கும்போது, "அப்பாகிட்ட சொல்லாதடி கண்ணு. பயந்துட்டா வண்டி ஓட்ட வராது அவருக்கு" என்றாள்.

நான் சொல்லவில்லை. அக்கா, ஒன்பது மணி நேரம். அவ்வளவு நேரமும் நான் மட்டும் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி உட்கார வேண்டும். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் தெரிவது எனக்குத்தான். அந்தச் சீட்டுக்காக அவ்வளவு சண்டை போட்டேன். இப்போது அதில் உட்காரப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். நீ வியாழன் ராத்திரி பஸ் பிடித்தால் வெள்ளிக்கிழமை இங்கே இருப்பாய். நீ வந்தால் நான் டீச்சர் ஆன்ட்டி வீட்டில் இருந்துகொள்கிறேன், அழாமல். அம்மா என்னைத் திட்டட்டும், பரவாயில்லை. உன்னைப் பார்த்தால் நிச்சயம் திட்ட மாட்டாள்.

பெரிய பை எதுவும் கொண்டுவராதே. நான் என் பையைக் கீழே இறக்கிவிட்டேன், அது நாலு கிலோ. பெட்டியில் அந்த நாலு கிலோ உனக்கு. அந்தச் சீட்டில் தலை சாய்க்கும் திண்டையும் உன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறேன்.

நீ பத்திரமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்
உன் சுண்டெலி

பின்குறிப்பு: வரும்போது உன்னிடம் இருக்கும் அம்மாவின் பச்சைப் புடவையைக் கொண்டு வா. அவளிடம் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிடு. அதன் எடையை நான் கணக்கில் சேர்த்துவிட்டேன்.