நீலத்தில் பூத்த வட்டங்கள்

என் மகாராணிக்கு,

குடியை நிறுத்தி இருபது நாளாயிற்று, இப்போது கை நடுங்கவில்லை. மருத்துவமனை ஜன்னலில் வெளிச்சம் தண்ணீர் போல் ஆடுகிறது. கட்டிலே மிதப்பதாகத் தோன்றுகிறது.

நேற்று என் படங்களை விற்பவர் வந்தார். இங்கே வரைந்தவற்றைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கோடு செத்துப் போச்சு சார். ஜனங்க வாங்கினதே அந்த நடுக்கத்தைத்தான்." போகும்போது தலையணைக்கடியில் ஒரு பாட்டிலைச் செருகிவிட்டுப் போனார்.

இன்னொரு மடக்கை ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். நான் குடிக்கவில்லை. தூரிகை கழுவும் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஈரமான நீலத்தின் மேல் சொட்டினேன். விழுந்த இடத்திலெல்லாம் நிறம் விலகி வெள்ளை வட்டங்கள் பூத்தன. ஒரே குளத்தில் நூறு நிலா. இவ்வளவு அழகாக நான் எதையும் வரைந்ததில்லை.

படம் காய்ந்துவிட்டது. பாட்டிலில் முக்கால்வாசி இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வார்டு ஆயாவிடமே அதையும் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை.

இனி வராதே என்று கத்தினேனே, அதை மறந்துவிடு. நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். நீ மூன்றரைக்கே வந்து வாசலில் சண்டை போட்டு உள்ளே வா.

உன் தொல்லை