கழுதையும் கருவாட்டு வாசனையும்

செப்டம்பர் 13, வெள்ளி

ஒரு மாதமாகப் போஸ்டர் ஒட்டி ஊர்ச் சுவரையெல்லாம் நாறடித்துக்கொண்டிருந்த ‘சிப்பி பங்களா’ இன்று தொடங்கியது. மர்மத் தொடராம். வெள்ளிக்கு வெள்ளி டிவியில். தூத்துக்குடியில் ஒரு முத்து வியாபாரக் குடும்பம், பெரிய பங்களா, அதற்குள் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள். முதல் காட்சியிலேயே மருமகள் சமையலறையில் ஒரு சிப்பியைப் பிளக்கிறாள், உள்ளே கோலிக்குண்டு அளவுக்கு முத்து. அடப்பாவிகளா! இங்கே முத்துக்குளிப்பு நின்று எத்தனை காலம் ஆயிற்று என்று பழைய பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

அந்த மருமகளை மாமியார் ‘ஏலே’ என்று கூப்பிடுகிறாள். ஆம்பிளைக்கு ஏலே, பொம்பிளைக்கு ஏளா. எங்கள் ஊர்ப் பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும், சென்னையில் இருந்து வந்து இறங்கியவர்களுக்குத் தெரியவில்லை. தமிழாசிரியை வேலையில் இருந்து ஓய்வு பெற்றாலும் என் கை சிவப்புப் பேனாவைத்தான் தேடுகிறது.

இவர் மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார். துறைமுக அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்கச் செய்தி தவிர வேறொன்றும் பார்க்காத மனுஷன். நல்லாத்தானே இருக்கு என்கிறார். செல்வதுரைக்கு எதுதான் நல்லா இல்லை?

செப்டம்பர் 15, ஞாயிறு

மகள் பெனிஷா பெங்களூரில் இருந்து கூப்பிட்டாள். அந்தத் தொடர் ஒரு நாவலில் இருந்து எடுத்ததாம். அந்த நாவல் நம் வீட்டிலேயே இருக்கிறதாம், என் பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாங்கித் தந்ததாம். தேடினேன். தோசைமாவுச் சட்டிக்கு மூடியாக இருந்தது. ‘இல்லாத கல்லறை’, எழுதியவர் கடலரசி. கடலரசியாம்! எதிரே தெரிகிற முயல் தீவைத் தாண்டிக் கடலில் ஒருநாள் போயிருப்பாளோ என்னவோ. முதல் பன்னிரண்டு பக்கத்தில் நான் போட்ட சிவப்புக் கோடுகள் கிடக்கின்றன, எல்லாம் ஒற்றுப்பிழை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை போலிருக்கிறது.

ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாரேன் என்றார் இவர். ஒற்றுப் போடத் தெரியாதவள் என்னத்தை எழுதிவிடுவாள் என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

மர்மம் இரண்டாம் பாகத்திலேயே வெளுத்துவிட்டது. பங்களாக்காரரின் மூத்த மகள் வெளியூரில் காய்ச்சலில் செத்தாள் என்று ஊரை நம்ப வைத்திருக்கிறார்கள். அவளை எங்கே எரித்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சிக்காரி தேடிக் கிளம்புகிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

கிருபை அக்கா செத்தபோது எனக்கு ஒன்பது வயசு, அவளுக்கு இருபத்தொன்று. உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் அப்பா மட்டும் வந்தார். தொத்துக் காய்ச்சல், நாகர்கோவில் பக்கம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றார். எந்தக் கல்லறைத் தோட்டம் என்று கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால் முகம் இறுகிவிடும். எங்கள் நாசரேத் ஊரே எழுந்து நின்று கும்பிட்ட ஹெட்மாஸ்டர், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவரிடம் தோண்டித் தோண்டிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு மூன்று கொத்துப் பூ வாங்குகிறேன். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு. அக்காவுடையதை வைக்க இடமில்லாமல் அம்மாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு வருவேன். நான் கண்ணை மூடுவதற்குள் அவள் கல்லறையை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும், வேறு ஆசை எனக்கு இல்லை. அதைப் போய் ஒருத்தி கதையாக்குகிறாள், இன்னொருத்தன் அதன் நடுவில் சோப்பு விளம்பரம் போடுகிறான்.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். மதுரைத் தமிழ் பேசுகிறார். வேறு விசேஷமில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

செத்தவள் சாகவில்லையாம்! மீன்பிடிக்கிற வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பனே அவளை வாயால் கொன்றுவிட்டானாம். எந்தத் தகப்பன் அப்படிச் செய்வான்? உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தாள் என்று சொல்ல நாக்கு வருமா? கதை எழுதுகிறவளுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது.

இவர் கண்ணைத் துடைத்தார். கேட்டால் தூசி என்றார். தூசி கண்ணில் இல்லை, புத்தியில் என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

எப்படி எழுதுவது - எழுதிவிடுகிறேன்.

பங்களாவின் பெரியம்மா, முத்தின் அருமை தெரியாத மருமகனைப் பார்த்துச் சொல்கிறாள்: “கழுதைக்குத் தெரியுமா கருவாட்டு வாசனை!”

பிடித்துக்கொண்டேன். காலையும் மாலையும் சாமிக்குக் கற்பூரம் கொளுத்துகிற வீடு, மூச்சுக்கு மூச்சு சைவம் என்கிற பொம்பிளை. கற்பூர வாசனை என்றல்லவா சொல்வாள்? அவள் வாயில் கருவாடு எங்கேயிருந்து வந்தது? இப்படி ஓர் அசடு இருக்குமா என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதை இப்படிச் சொல்கிற அசடு உலகத்தில் ஒன்றுதான் உண்டு. சாத்தான்குளத்து வேதக்கார வீட்டில் பைபிளோடு வளர்ந்து, கற்பூரத்தை முகர்ந்தே பார்க்காத பிள்ளை. யாரோ சொன்ன பழமொழியில் தெரியாத வாசனையை எடுத்துவிட்டுத் தெரிந்த வாசனையைப் போட்டுக்கொண்டது. கல்யாணமான மறுவாரத்தில் இருந்து திருத்துகிறேன். இத்தனைக்கும் கருவாட்டை நான் வீட்டு வாசலில்கூட ஏற்றுவதில்லை. அப்பாவுக்கு ஆகாது, அதனால் எனக்கும் ஆகாது.

திரும்பினேன். இவர் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, சனி

காலையில் காப்பி குடிக்கும்போது கேட்டேன், கடலரசி யார் என்று. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான்தான் என்றார்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்த மீசைக்குக் கடலரசி என்று பெயரா! பிறகுதான் மற்றது உறைத்தது. கதையில் எவ்வளவு நிஜம் என்று கேட்டேன்.

“பங்களா அவங்க போட்டது. முத்தும் அவங்க போட்டது. மிச்சம் நெசம், சுதா.”

கிருபை அக்கா இருக்கிறாள். மணப்பாட்டில் இருக்கிறாள்.

பெனிஷா பிறந்த வருஷம் துறைமுகத்துக்கு ஏதோ வேலையாக வந்த மணப்பாட்டுக்காரர் ஒருவர், இவர் நாசரேத்து ஹெட்மாஸ்டர் மருமகன் என்று தெரிந்ததும் ஓரமாகக் கூட்டிப் போயிருக்கிறார். நானும் அந்த வீட்டு மருமகன்தான் என்றாராம். அதுவரை பம்பாயில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். அப்பா இருக்கிறவரை என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அக்கா இவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். சின்னவளுக்காவது ஒரு நல்ல அப்பா இருந்துட்டுப் போகட்டும் என்றாளாம்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறதே, அதற்கப்புறம் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன்.

“சொல்ல வந்தேன். ‘ஒங்கப்பா’ன்னு தொடங்கும்போதே, அப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னுட்ட. இன்னொரு நாள் தொடங்குனேன், என் பேச்சத் திருத்த ஆரம்பிச்சுட்ட. எழுதிக் குடுத்தாலாவது படிப்பன்னு நெனச்சேன்.”

அந்தப் புஸ்தகத்தை மாவுச் சட்டி மேல் வைத்தவள் நான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பாட்டு வாயில் வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

தொடர் பார்க்கவில்லை. இவரோடு பேச்சும் இல்லை.

அப்பா, மூணு வேள ஜெபம் பண்ணுன வாய்தான அது? பொய் சொன்னதுக்கு என்ன முழங்கால் போட வச்சீங்களே! பென்சில் காணாமப் போச்சுன்னு ஒரு சின்னப் பொய்! நீங்க சொன்னதுக்கு யாரு உங்கள முழங்கால் போட வைக்க? அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரியாமயா கிருபை அக்கா பிறந்தநாளுக்கெல்லாம் உபவாசம்னு பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தா? சபைப் பிள்ளைங்க மணப்பாட்டுக்கு உல்லாசப் பயணம் போனப்ப என்ன மட்டும் விடல. கத்தோலிக்க ஊரு, நமக்கென்ன வேலன்னீங்க. நானும் அதயே கிளிப்பிள்ளையாட்டம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அக்காவும் லேசுப்பட்டவளில்லை. ஏறி உட்கார்ந்தால் பஸ் கொண்டுவந்து விடுகிற தூரம்தானே? வரட்டும். நான் போகப்போவதில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மாவுச் சட்டியைத் தட்டுப் போட்டு மூடிவிட்டு நாவலை முழுக்கப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுப்பிழை. நன்றாக எழுதியிருக்கிறார். சொல்ல மாட்டேன்.

நவம்பர் 2, சனி

மூன்று கொத்துச் செவ்வந்தி. யோசிக்காமல் கை வழக்கம்போல் வாங்கிவிட்டது.

நாசரேத்தில் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீதிமான் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. வாசகம் தேர்ந்தெடுத்தது சாட்சாத் நான்தான். அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் பூவை வைத்தேன். அம்மாவுக்கும் வைத்தேன். மூன்றாவது கொத்தோடு அம்மாவின் கால்மாட்டில் குனிந்தவளுக்கு, வைக்கக் கை வரவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு இங்கே எப்படி வைப்பது?

வண்டியை அந்தப் பக்கம் விடுங்கள் என்றேன். மூன்று வாரத்தில் இவரிடம் நான் பேசிய முதல் பேச்சு. எந்தப் பக்கம் என்று கேட்காமலே மணப்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி வலையை விரித்து அதன் மேல் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி. நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்துட்டியா ஏளா. சாப்ட்டியா?”

ஐம்பது வருஷத்துக்கு அவ்வளவுதான். நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, என் கையில் இருந்த பூவைப் பார்த்தாள்.

“கல்லறைக்கு வாங்குனதாக்கும்?”

தலையாட்டினேன். ஒரு பூவைக் கிள்ளித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். அப்பாவுக்கு வைத்தாயா என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இலையைப் போட்டாள். அத்தானைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, போன வருஷம் போய்விட்டாராம். என் கல்யாணத்தன்று அக்கா கோயிலின் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாளாம், அதற்கென்றே பம்பாயில் இருந்து வந்து. சேலை நிறம்கூடச் சொல்கிறாள்.

நவம்பர் 15, வெள்ளி

கடைசிப் பாகம். அக்கா வீட்டில் பார்த்தோம்.

கொட்டுகிற மழையில் அக்காளும் தங்கையும் எதிரெதிரே ஓடி வருகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், வயலின் கதறுகிறது. முடிகிற வழியைக் காணோம். “இவ என்ன, அழுதுக்கிட்டே நிக்கா? வந்தவளுக்குச் சோறு போட மாட்டாளோ?” என்றாள் அக்கா. அந்தப் பட்டுச்சேலை நனைந்தால் என்ன கதி ஆகும் என்று நான் கேட்டேன். வயலின்காரனுக்குக் கூலி அதிகம் என்றாள் அவள். என்னைவிடப் பொல்லாத வாய். இத்தனை வருஷம் இந்த வாய் இல்லாமல் தனியாக எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தேனே என்று துக்கமாக இருந்தது.

எழுதின மனுஷருக்கு முகம் விழுந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே, “கழுதைக்குத் தெரியுமா கருவாட்டு வாசனை” என்று முணுமுணுத்தார்.

இப்போது திருத்துவாள் பார் என்று அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் நிறையக் கருவாடு.