ரத்தம் காணாத மாதங்கள்

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உளுந்தங்களியின் வாசம் வந்தது. அந்த வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாளாம். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். கையில் வாங்கியதும் உன் நினைவுதான் வந்தது. கிண்ணத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு இப்படி எத்தனையோ முறை நடந்துவிட்டது.

காஜா பெராங்கில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நான் முதலில் வயதுக்கு வந்தேன். தனியே உட்கார வைத்திருந்த என்னைப் பார்க்க வந்து, "ரொம்ப வலிக்குதாடீ?" என்று காதோடு கேட்டாய். அடுத்தது நீதான் என்றார்கள். வருடங்கள் போயின. நீ வளர்ந்தாய், தாவணி போட்டாய். அது மட்டும் வரவில்லை. உன் அம்மா எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். "ஒம் மக இன்னும் ஒக்காரலையா?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து, குழாயடியில் ஆள் சேருமுன் தண்ணீர் பிடித்து வந்துவிடுவார்.

ஒருநாள் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். "ஒன் தீட்டுத் துணி ஒண்ணு குடும்மா. இவளுக்கு வந்துடுச்சுன்னு சொல்லிடப் போறேன். இதுக்கு மேல என்னால தாங்க முடியாது." கொடுத்தேன். சடங்கு நடந்தது. பட்டுப் பாவாடையில், ஈரத் தலையோடு நின்ற நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து உனக்கு வரன் வந்தது. சுதந்திரத் தோரணம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். தமிழ் பேசும் லேடி டாக்டர் உன்னைச் சோதித்துவிட்டு, மாதாமாதம் மார்பு கனத்து வலிக்கிறதா என்று கேட்டார்.

"வலிக்கும் டாக்டர். அப்ப காரணமே இல்லாம அழுகையும் வரும். அப்புறம் தானா போயிடும்."

அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒன் சினைப்பை ஒழுங்கா வேலை செய்யுதும்மா. மாசாமாசம் முட்டை முதிருது. அப்போ ஊறுற சுரப்பு ரத்தத்துல கலந்து ஒடம்பையும் தொடுது, மனசையும் தொடுது. ஆனா கர்ப்பப்பை உருவாகல. தீட்டுங்கிறது கர்ப்பப்பையோட உள்தோல் உரிஞ்சு வர்றது. கர்ப்பப்பையே இல்லாதப்ப எப்படி வரும்?"

திரும்பும் பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்தாய். "அப்ப அந்த அழுகை பொய்யில்லடீ. எனக்கும் மாசம் வருது. ரத்தம்தான் வரல" என்றாய். அதற்குப் பிறகுதான் அழுதாய்.

மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற வந்த அன்று, தட்டைத் தூக்குமுன் நீ கூடத்துக்கு வந்தாய். "எனக்குக் கர்ப்பப்பை இல்ல. புள்ள பொறக்காது. சடங்கு பண்ணது பொய்." உன் அம்மா எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தார். மாப்பிள்ளையின் அம்மா, "நல்லவேள சொன்னே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். வெளியே பிள்ளைகள் கொடியை ஆட்டிக்கொண்டு "மெர்டேக்கா" என்று சுதந்திர முழக்கமிட்டபடி ஓடினார்கள். உன் அம்மா சாகும்வரை உன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

நீ தையல் மிஷினோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாய். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. நாள் நெருங்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பொங்கும், பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன். நீ வந்து அழும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "அது நீ இல்லடீ. சுரப்பு ஏறி எறங்குது. கொஞ்சம் பொறு" என்பாய். உன் நாட்களில் உன்னிடம் அப்படிச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

பிறகு நமக்கு வயதாயிற்று. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது உனக்குத் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வியர்த்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருக்கிறது என்றாய். கூடையைக் கீழே வைத்தாய். "எனக்கு நின்னுடுச்சுடீ. வராமலே நின்னுடுச்சு பாரேன்" என்று சிரித்தாய். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஒனக்கு வந்தத ஊரே பாத்துச்சு. எனக்கு வந்தத யாரு பாத்தா?" மீன்காரர் தராசைப் பிடித்தபடி நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து உன் கூடையை எடுத்துக்கொண்டேன்.

உன்னைக் குளிப்பாட்டிய அன்று, மஞ்சள் கிண்ணத்தோடு வந்த ஒருத்தி தயங்கி நின்றாள். "கடைசிவரைக்கும் பெரியவ ஆகாத பொண்ணுதானே? மஞ்சள் பூசலாமா?"

கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். "ஆனவதான். மாசாமாசம் கூட இருந்து பாத்தவ நான்" என்றேன். உன் முகத்துக்கும் பாதத்துக்கும் நானே பூசிவிட்டேன். நான் சொன்ன அந்த வார்த்தைதான் பாசாரில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். நீ இல்லாத வீட்டில், உனக்குக் கேட்கிற மாதிரி, இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.