காய்ந்த மண் தலை

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். இது அப்பா கையில் கிடைத்தால் என் தோலை உரித்துவிடுவார்.

நம் பட்டறையில் இப்போது பட்டாளத்துக்கு இரும்புத் தொப்பி அடிக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் தலை செய்து, தொப்பியை மாட்டி, மேலிருந்து இரும்புக் குண்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். மண் நசுங்கினால் அந்தத் தொப்பி உதவாது. தலை செய்வது நான்தான். உன் நெற்றித் தழும்பையும் வைத்தேன். முதல் குண்டிலேயே நெற்றி உள்ளே போய்விட்டது.

"தகடு மெலிசுப்பா," என்றேன்.

"தகட்டுக்கு என்னட்டி? ஒம் மண்ணுதான் கொழகொழன்னு இருக்கு."

அப்பா என்னைப் புதுத் தலை ஒன்றைச் செய்யவைத்து, அதை வெயிலில் நன்றாகக் காயவைத்தார்.

சோதிக்க வந்த அதிகாரியை முதலில் ஐந்தருவிக்குக் குளிக்க அழைத்துப் போனார். திரும்பி வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தார். காய்ந்த மண் நசுங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இன்று லாரி போய்விட்டது. மூட்டைச் சீட்டில் உன் ரெஜிமெண்டின் பெயர் இருந்தது. ஏற்றும்போதே அப்பாவிடம் காட்டினேன்.

"அத்தன பேர்ல அவன் தலைக்கா வந்துரும்? சும்மா கெட."

லாகூர்ப் பக்கம் சண்டை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். உள்ளே நம் பட்டறையின் தாமரை முத்திரை இருந்தால் அந்தத் தொப்பியை நம்பாதே. வேறொருவர் தலைக்கும் மாற்றிவிடாதே. உன் மேலதிகாரியிடம் சொல். சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார்.

போகட்டும்.

இப்படிக்கு,
களிமண்ணில் உன் தலையைச் செய்த தங்கை