பத்தாம் சாமத்துக்குக் காத்திருந்த மருந்து

நீலவரை நாட்டைக் காத்து நிற்கும் பெருவேந்தர் சேந்தன்பொறையனாரின் திருமுன்னர், செங்கழனி நாட்டு மூத்த அமைச்சன் கீரஞ்சாத்தன் தாழ்ந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலையருவிகள் வற்றாதிருக்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. எங்கள் நாட்டு நலம் கூற எழுத்தாணி எழவில்லை, பொறுத்தருள்க.

தங்கள் திருமகளாரும் எங்கள் அரசியாருமான பொன்னிழையார் மறைந்தது கேட்டு, மருந்து இருந்தும் கொடுக்கவிடாமல் தடுத்த கணியர் பூதங்கொற்றனாரின் தலையைத் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை முதலில் தங்களுக்கு உரைக்குமாறு எம் அரசர் பணித்தார்.

கொற்றனார் தங்கள் நாட்டவர். அரசியாரின் மணநாளில் அவருடன் இங்கு வந்தவர். நந்தவனத்தில் அரசியாரையும் மெய்க்காவலன் வேங்கையையும் ஒரே பாம்பு தீண்டியது. இருவருக்கும் உடனே ஒருமுறை விடமுறி மருந்து கொடுத்தார்கள். அம்மருந்தும் ஒருவகை நஞ்சே. இருமுறை கொடுக்காமல் விடம் இறங்காது. முன்னது கழியுமுன் மறுமுறை கொடுத்தாலோ மருந்தே கொன்றுவிடும். சாமந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு கழியும் என்பதால், ஐந்து சாமத்தில் முழுதும் போய்விடும் என்றார் அரண்மனை மருத்துவர்.

கொற்றனார் மறுத்தார். கழிவது எஞ்சியதில் ஐந்தில் ஒன்று. நூறு எண்பதாகும், எண்பது அறுபத்து நான்காகும். ஐந்தாம் சாமத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குருதியில் நிற்கும் என்றார். பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கினால்தான் அச்சமில்லை. ஐந்தில் நான்கை எத்தனை முறை அடுக்கிப் பெருக்கினால் அவ்வளவு குறுகும் என்று மணலில் எழுதிப் பார்த்தார். விடை பத்துச் சாமத்தைச் சற்றே தாண்டியது. வேறு விடை வராதா என்று அழித்து அழித்து எழுதினார், வரவில்லை.

மருத்துவர் இணங்கவில்லை. "அரசியாருக்கு முன் எனக்குக் கொடுத்துப் பாருங்கள்" என்று வேங்கை தானே கேட்டான். ஐந்தாம் சாமத்தில் கொடுத்தார்கள். ஒரு நாழிகைக்குள் அவன் மூச்சு நின்றது. அதன்பின் மருத்துவரும் இணங்கினார். கொற்றனார் மருந்துக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அரசியாரின் அருகில் அமர்ந்தார்.

"கொற்றனாரே, இன்னும் எத்தனை சாமம்?" என்று ஆறாம் சாமம் முடிந்தபோது அரசியார் கேட்டார்.

"நான்குக்கு மேல், அம்மையே."

"எனக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொல்லக்கூடாதா?"

கொற்றனார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், குறைத்துச் சொல்லவில்லை. ஒன்பதாம் சாமம் முடியுமுன் அரசியார் கண்மூடினார். கணக்கும் தப்பவில்லை, அரசியாரும் தப்பவில்லை.

அன்றுமுதல் கொற்றனார் சோறு தொடுவதில்லை, எண் எழுதுவதில்லை. தங்கள் ஓலை அவையில் வாசிக்கப்பட்டபோது எழுந்து, தாமே வருவதாகச் சொன்னார். எம் அரசர் தடுத்தும் கேட்கவில்லை. இவ்வோலையைத் தங்கள் கையில் தந்து எதிரே நிற்பவர் அவர்தாம். காவலர் எவரையும் உடன் அனுப்பவில்லை.

அரசியார் இறுதியாக அவர் செவியில் ஏதோ சொன்னார். எம் அரசர் கேட்டும் அதை வெளியிடவில்லை. தந்தையாரிடம் மட்டுமே சொல்லச் சொன்னாராம். அதைக் கேட்டருளிய பின்னர் தண்டம் தங்கள் திருவுளம்.

இங்ஙனம் எம் அரசர் ஆணைப்படி எழுதி, கயல் இலச்சினை பொறித்து, விடுத்தோம்.