கம்பியில்லாத பல்பு

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

மேசை நாற்காலி வாங்க ஆளில்லை என்று முதலாளி பட்டறையைப் பூட்டி உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டதை அறிந்ததும் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நீயோ, கடை நிறையச் சாமான் இருக்கிறது, வாங்கத்தான் கையில் காசில்லை, பேசாமல் ஊருக்கே வந்துவிடுகிறேன், அங்கே யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்களே என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான், இங்கே யாரையும் நிறுத்தவில்லை. எங்கள் பல்பு ஆலை அரசாங்கத்துடையது, சங்கு ஊதுகிறது, எல்லோரும் போகிறோம், சம்பளமும் குறையவில்லை, ஆனால் அதைக் கொண்டு வாங்கத்தான் கடையில் ஒன்றுமில்லை, சோப்பு வந்திருக்கிறதாம் என்று யாராவது சொன்னால் தெருவே ஓடுகிறது. பல்புக்குள் வைக்கும் கம்பி வரத்து எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் மேலிடம் சொன்ன எண்ணிக்கை குறையக்கூடாதாம், அதனால் கம்பி இல்லாமலே கண்ணாடியை மூடிக் கிடங்குக்கு அனுப்புகிறோம், நான்தான் சரி என்று முத்திரை குத்துகிறேன், கை கூசுகிறது.

உன் சித்தப்பாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, ஆலைக் கூட்டத்தில் எழுந்து, "சார், இது பகல்ல மட்டும் எரியற பல்பா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தோம், மேலாளரும் சிரித்தார். மறுநாள் சித்தப்பா இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வேறு ஆலைக்கு மாற்றம் என்றார்கள், எந்த ஆலை என்று சொல்லவில்லை. சித்தி போய் அழுதபோது மேலாளர், "சம்பளம் ஒழுங்கா வருதில்லம்மா, அப்புறம் என்ன?" என்றாராம். அதுவும் உண்மை, சம்பளம் தவறாமல் வருகிறது, ஆள்தான் வரவில்லை. இப்போது அண்ணன் என்ற முறையில் அப்பாவையும் ஆலை மாடியில் உள்ள மேலதிகாரிகள் அறைக்கு வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார்.

அதனால் நீ வராதே கண்ணு. பாத்திரம் கழுவும் வேலை என்றாலும் பரவாயில்லை, அங்கேயே சேர்ந்துகொள், பட்டறையைப் பூட்டியவனை வாய் நிறையத் திட்டு, அங்கே அதற்கு யாரும் உன்னைத் தேடி வர மாட்டார்கள். வெறும் வயிற்றோடு அலையாதே. நீ போகும் வழியெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும்.

இதைக் கப்பல் வேலைக்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு. போனில் பேசும்போது சித்தப்பாவைப் பற்றிக் கேட்காதே. அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேள், நன்றாக இருக்கிறார் என்றுதான் சொல்வேன், நம்பிவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அம்மா