அத்தா வாங்கிய மைனஸ் முப்பது

திருப்பாலைக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நுஃமானுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவல் உன்மேல் எப்போதும் இருக்கட்டும், இங்கே நானும் அம்மாவும் உன் தங்கச்சி சுஹாவும் மாமா மதாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய், சில விஷயம் எனக்கு வாயில் வராது, அதனால் எழுதுகிறேன். லீவில் வந்த ஹசன் அலி செவ்வாய்க்கிழமை நீ இருக்கிற தமாமுக்கே திரும்புகிறார், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சுஹா டாக்டர் படிப்புக்கு நீட் பரீட்சையை இரண்டாவது தடவை எழுதப் படித்தது உனக்குத் தெரியும், ஆனால் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் பட்ட பாட்டை உன்னிடம் மறைத்துவிட்டோம். சோறு இறங்கவில்லை, பேனாவைப் பிடித்தால் உள்ளங்கை வேர்த்து வழுக்குகிறது, யாராவது மணி என்ன என்று கேட்டாலே முகம் வெளுத்து வாந்தி எடுக்க ஓடுகிறாள். அதனால் மணி கேட்பதை நிறுத்தினோம், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தோம், அப்புறம் உன் அம்மா இந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டாள். கரையில் மீன் ஏலம் கூறுகிற தொண்டை என்னுடையது, அதை வைத்துக்கொண்டு வீட்டில் குசுகுசுவென்று பேசிப் பேசிக் கடைசியில் அந்தப் பழக்கம் கரைக்கும் வந்துவிட்டது, ஒரு நாள் ஒரு கூடை நண்டை இரகசியம் சொல்வதுபோல ஏலம் விட்டேன், வியாபாரிகள் அத்தனை பேரும் என் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள், அவர்களில் அப்துல் அஜீஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "காக்கா, தொண்டையில முள்ளு கிள்ளு மாட்டிருச்சா" என்று கேட்டார்.

இனித் தாங்காது என்று ராமநாதபுரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கலைச்செல்வி டீச்சருக்குப் போன் போட்டேன். "வீட்லயே பரீட்ச ஹால் மாதிரி உக்கார வச்சுப் பழக்குங்க, பயம் தெளிஞ்சிரும்" என்றார்கள். மாதிரி என்றால் எனக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. வினாத்தாளை நாலு செராக்ஸ் எடுத்தேன், ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன், அவள் தனியாக உட்கார்ந்தால் பயப்படுவாள் என்று நானும் மதாரும் கூட எழுத உட்கார்ந்தோம், உன் அம்மா சூப்பர்வைசர். வாசலில் வைத்து சார்ஜ் லைட்டால் எங்கள் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தாள், இரும்பு ஏதாவது பட்டால் அவளே வாயால் பீப் என்று சத்தம் கொடுத்தாள். முழுக்கைச் சட்டைக்கு அனுமதி இல்லையாம், நீ போன பெருநாளைக்கு அனுப்பிய வெள்ளைச் சட்டையின் இரண்டு கையையும் நான் போட்டிருக்கும்போதே கத்தரியால் வெட்டிவிட்டாள், மன்னித்துக்கொள். ஒன்றரை மணிக்குக் கதவைப் பூட்டினோம், அதற்கப்புறம் அடுத்த வீட்டு சூஃபியா கறிவேப்பிலை கேட்டு வந்தாள், மதார் ஜன்னல் வழியாக, "கேட் சாத்தியாச்சு, ஒரு நிமிசம் பிந்துனாலும் உள்ள விடமாட்டோம்" என்று சொல்லிவிட்டான், அவள் தெருவில் நின்று, "அல்லாவே, ஒரு கொத்துக் கறிவேப்பிலதானே கேட்டேன்" என்று அழாத குறையாகக் கெஞ்சினாள், அன்றைக்கு அவள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை இல்லை.

மூன்று மணி நேரம், நூற்றெண்பது கேள்வி. சரியாக எழுதினால் நாலு மார்க்கு, தப்பாக எழுதினால் ஒன்று பிடித்துக்கொள்வார்கள். சும்மா துணைக்கு உட்கார்ந்த எனக்கு, உன் அம்மா "ஆரம்பிக்கலாம்" என்றதும் நெஞ்சு அடித்துக்கொண்டது மகனே. அதில் ஒரு கேள்வி, இவற்றில் குருத்தெலும்பு மீன் எது என்று. திருக்கை, கடல்குதிரை, இன்னும் இரண்டு. முப்பது வருசமாகத் திருக்கையை ஏலம் விடுகிறேன், அதன் எலும்பு பல்லில் நறுக்கென்று கடிபடுவது எனக்குத் தெரியாதா, ஆனால் விடைக்குக் கறுப்பாக்குகிற அந்த வட்டங்களைப் பார்க்கப் பார்க்கத் தலைக்குள் ஒன்றுமே இல்லை, உன் அம்மா வேறு பின்னால் வந்து நின்றாள், நான் கடல்குதிரைக்கு வட்டம் போட்டேன்.

சுஹாதான் எல்லாருடைய தாளையும் திருத்தினாள். மதார் கேள்வியையே படிக்காமல் எல்லாவற்றுக்கும் மூன்றாவது வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுத் தூங்கிவிட்டான், அறுபது மார்க்கு. எந்த ஊர்க் காலேஜில் சீட்டுக் கிடைக்கும் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான். உன் அம்மா பொழுது போகாமல் மிச்சத் தாளில் சீம்பாலைப் பற்றிய ஒரே ஒரு கேள்விக்கு விடை போட்டிருந்தாள், நாலு மார்க்கு. நான் யோசித்து யோசித்து நாற்பது எழுதி இரண்டுதான் சரி, மைனஸ் முப்பது. திருக்கைக் கேள்விக்கு நான் போட்ட விடையைப் பார்த்ததும் சுஹா சிரிக்க ஆரம்பித்தாள், நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவள் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது. அப்புறம் சட்டென்று நிறுத்தி, "திருக்கை உங்களுக்கே மறந்துருச்சாத்தா? அப்ப போன தடவ ஹால்ல நான் மறந்தது முட்டாத்தனமில்லல்ல?" என்று கேட்டாள். "இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றேன். "அப்ப இனிமே வீட்ல சத்தமாவே பேசுங்க, நீங்க குசுகுசுன்னு பேசுறதுதான் பயமாருக்கு" என்றாள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

இன்று நிஜப் பரீட்சை முடிந்தது. முதல் பத்து நிமிசம் கை நடுங்கியதாம், பேனாவைக் கீழே வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு நடுக்கம் நிற்கும்வரை சும்மா இருந்தாளாம், அப்புறம் தெரிந்ததை எழுதிவிட்டுத் தெரியாததை விட்டுவிட்டாளாம். கிடைக்குமா கிடைக்காதா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வந்ததும் பொரித்த மீன் கேட்டாள்.

இனி வாயில் வராத விஷயம். ஆறு வருசத்துக்கு முன்னால் நீ இதே பரீட்சையில் நூற்று நாற்பத்தெட்டு வாங்கினாய். "எல்லாம் தெரியும்த்தா, அங்கன போனதும் மறந்துருச்சு" என்று சொன்னாய். கரையில் நாலு பேர் முன்னால் வைத்து, "சாக்குச் சொல்லாதலே" என்று கத்தினேன், நாலு நாள் உன் முகத்தைப் பார்க்கவில்லை, ஐந்தாம் நாள் நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய். அது சாக்கு இல்லை என்று இப்போது தெரிகிறது. உன் அத்தாவை விட நீ நூற்று எழுபத்தெட்டு மார்க்கு கூடுதல், அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான பரக்கத்தையும் தரட்டும். சுஹாவிடம் மார்க்கு எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்காதே. வெள்ளிக்கிழமை போன் போடு, என்மேல் கோபம் இருந்தால் அதையும் சொல், நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

துஆவுடன்,
உன் அத்தா
பாக்கர்